ஓர் எழுத்து, 35 மடங்கு

அணை நீரை அளக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. குழப்பிக்கொண்டால் ஆபத்து ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத்தான்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில், பிச்சாட்டூர் அணைத் தண்ணீர் தமிழ்நாட்டை எட்டுவதற்கு முன்பே ஓர் எண் வந்து சேர்ந்துவிடுகிறது. இத்தனை 'கியூசெக்' திறக்கப்படுகிறது என்று ஆந்திர அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் தருகிறார்கள். அந்தத் தண்ணீர் ஆரணி ஆற்றில் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காடு பக்கம் போகிறது. 2021 நவம்பரிலும் அப்படித்தான் வந்தது. கரையோர மக்கள் வீட்டிலேயே இருக்கலாமா, மேட்டுக்குப் போக வேண்டுமா என்பது அந்த எண்ணைப் பொறுத்த விஷயம்.

எண்ணை விடச் சிக்கலானது அதன் பின்னால் வரும் சொல். கியூசெக் என்பது விநாடிக்கு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர். கியூமெக் என்பது விநாடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். வேறுபடுவது ஒரே எழுத்து. தண்ணீரில் வித்தியாசம் 35 மடங்கு.

இரண்டுமே நம் நாட்டில் புழக்கத்தில் உள்ளவை. மாநிலங்களின் பாசனப் பொறியாளர்கள் பேசுவது கியூசெக் கணக்கில். தெலுங்குப் பத்திரிகைகள் அதைக் 'கியூசெக்குலு' என்று தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டன. மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள அறிக்கைகளிலோ கியூமெக். இரண்டு தாள்களும் ஒரே இரவில் ஒரே மேசைக்கு வரும்போது, மொழிபெயர்ப்பவரின் கண் ஒரு கணம் ஏமாந்தால் போதும்.

ஏமாந்தால் என்ன ஆகும்? பிச்சாட்டூர் அணையின் கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி., அதாவது 185 கோடி கன அடி. நீர்வரத்து நின்றுபோனதாக வைத்துக்கொள்வோம். நிறைந்த அணையை 1,000 கியூசெக் வீதம் திறந்தால் காலியாக மூன்று வாரம் ஆகும். 1,000 கியூமெக் வீதம் என்றால் 15 மணி நேரம்கூட ஆகாது. முதலாவதை இரண்டாவதாக எழுதினால் வீண் பீதி. இரண்டாவதை முதலாவதாக எழுதினால் உயிர்ச்சேதம்.

தமிழ்ப் பத்திரிகைகள் 'கன அடி' என்று எழுதுவது நல்ல வழக்கம். ஆனால் '1,000 கன அடி திறப்பு' என்று தலைப்பு போடும்போது 'விநாடிக்கு' என்ற சொல் காணாமல் போய்விடுகிறது. வெறும் 1,000 கன அடி என்றால் சுமார் 28,000 லிட்டர். இரண்டு மூன்று தண்ணீர் லாரிகளில் அடங்கிவிடும். விநாடிக்கு 1,000 கன அடி என்றால் ஒரே நாளில் 8.64 கோடி கன அடி.

ஒன்றுபோல ஒலித்து ஏமாற்றும் சொற்கள் பிச்சாட்டூருக்குப் புதிதல்ல. 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய இந்த எல்லை ஊரில் தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்குகின்றன. தமிழில் 'அவசரம்' என்றால் பரபரப்பு, தெலுங்கில் தேவை. 'பிரபஞ்சம்' தமிழில் அண்டசராசரம், தெலுங்கில் உலகம். சந்தையில் இப்படிக் குழம்பினால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கேட்பவர் எதிரிலேயே நிற்கிறார். வெள்ள அறிவிப்புக்கு அந்த வசதி கிடையாது.

அளவைக் குழப்பம் கெட்டிக்காரர்களையும் விட்டதில்லை. 1999-ல் நாசா ஒரு செவ்வாய் விண்கலத்தை இழந்தது. உந்துவிசையை ஒரு குழு பவுண்டு கணக்கில் தந்தது. மற்றது நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

பரிகாரம் எளிது. கியூமெக் என்று வந்தால் 35.3 ஆல் பெருக்கி, 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்று முழுமையாக எழுத வேண்டும். இன்னும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த ஊரை எட்டும், தரைப்பாலம் மூழ்குமா என்று. ஆற்றங்கரைக்காரர்கள் கேட்பது அதைத்தான்.