பாவா ஆதம் மலைப் பாதையில் ஓர் இரவு

இலங்கையின் மத்திய மலைநாட்டில், 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பு போல் எழுந்து நிற்கும் ஒரு மலைக்குப் பல பெயர்கள் உண்டு. சிங்களப் பௌத்தர்கள் ஸ்ரீபாத என்பர்; உச்சிப் பாறையில் பதிந்திருப்பது புத்தரின் பாதம் என்பது அவர்களது நம்பிக்கை. இந்துக்களுக்கு அது சிவனொளிபாத மலை. கிறிஸ்தவர்களில் சிலர் அதைப் புனித தோமாவோடு இணைத்துப் பேசியுள்ளனர். நம்மவர்களோ தலைமுறை தலைமுறையாகப் பாவா ஆதம் மலை என்றே அழைத்து வருகின்றனர். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'சரந்தீபு' என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சாக இந்த மலையைத்தான் சொல்வார்கள்.

வாசக அன்பர்களே, ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆதம் நபி (அலை) அவர்கள் பூமியில் எந்த இடத்தில் இறங்கினார்கள் என்று திருக்குர்ஆன் குறிப்பிடவில்லை. இந்தியப் பகுதியில் இறங்கினார்கள் என்ற செய்தியைத் தப்ரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் எடுத்தெழுதியுள்ளனர். 9ஆம் நூற்றாண்டு அரபு வணிகர்களின் குறிப்புகளிலும் இம்மலை இடம்பெற்றுள்ளது. அவை வரலாற்றுச் செய்திகள். ஈமானின் அடிப்படைகள் அல்ல. நன்மை நாடிப் பயணம் செய்வதற்குரிய பள்ளிவாசல்கள் மூன்றுதாம் என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளையும் அறியும். ஆகவே இம்மலைக்குப் போகிறவர் ஸியாரத் என்ற எண்ணத்தோடு போக வேண்டியதில்லை. அல்லாஹ்வின் படைப்பைக் கண்ணால் காண்பதற்கும், நண்பர்களோடு கைகோத்து நடப்பதற்கும் போகலாம். நாங்கள் ஐவர் அப்படித்தான் போனோம்.

எங்களுக்கு வெகுகாலம் முன்பே அங்கு ஏறியவர் இப்னு பதூதா. 1344இல் மாலத்தீவிலிருந்து புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கையின் வடமேற்குக் கரையில் கொண்டு சேர்த்தது. அப்பகுதியை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்தவர். "இத்தீவில் எனக்கு வேண்டியது ஒன்றே, ஆதமின் பாதத்தைக் காண வேண்டும்" என்ற கருத்தில் அவர் வேண்டிக்கொள்ள, மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் ஆட்கள் பதின்மர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் துணைக்கு அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணிக்கு யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாக அனுப்பிய அக்காலத்தை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

மலைக்கு இரு பாதைகள் இருந்தன என்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதம், ஹவ்வா (அலை) இருவரின் பெயரால் அமைந்தவை. மாமா பாதை எளிது. அவ்வழியே ஏறியவரை மலைக்குச் சென்றவராகவே அங்குள்ளவர்கள் மதிப்பதில்லையாம்! பாபா பாதையோ செங்குத்து. முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளைகள் அடித்து, பற்றி ஏறுவதற்குச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் பத்து. பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கு வந்து கீழே பார்ப்பவருக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிந்துவிடுவார். அதனால் அப்பெயர்.

இன்று பெரும்பாலோர் ஏறுவது நல்லதண்ணிப் பாதையில். இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தல வழியாகவும் ஏறலாம். அது நீண்டது, கடினமானது. கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயில், அங்கிருந்து மஸ்கெலியா வழியாகப் பஸ் என்று நாங்கள் நல்லதண்ணி வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை பருவ காலம். அப்போது பாதை நெடுகிலும் விளக்கெரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் இருளும் அட்டையுந்தான்.

படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை ஓர் இரவில் ஏறியாக வேண்டும். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குத் தொடங்கினோம். முதற்பகுதி தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மெல்லிய ஏற்றம், பேசிக்கொண்டே நடக்கலாம். ஜப்பானியர் கட்டிய சமாதானத் தூபியைக் கடந்தபின் பேச்சு குறைந்தது. வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்கள், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த தந்தைமார், எண்பது வயது மதிக்கத்தக்க மூதாட்டிகள்! இறங்கி வருவோரும் ஏறுவோரும் "கருணாவய்" என்று ஒருவருக்கொருவர் வாழ்த்திக்கொள்கின்றனர். கருணை உண்டாகட்டும் என்பது பொருளாம். நாங்களும் தலையசைத்துப் புன்னகைத்தோம்.

அதிகாலை நாலரை மணியளவில், கடைசிச் செங்குத்துக்குச் சற்றுக் கீழே, எங்களில் மூத்தவரான ஜவுளிக்கடை நண்பர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அந்தக் குளிரில் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கைகள் நடுங்கின, கேட்டதற்குப் பதில் சரியாக வரவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வயிறு பாரமாக இருந்தால் ஏற முடியாதென்று இரவு உணவைக் குறைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருக்கிறார். மூன்று மணி நேர ஏற்றம் உடலில் மிச்சமிருந்த சர்க்கரையையும் எரித்துவிட்டது.

ஹட்டனிலிருந்து துணைக்கு வந்த நண்பர், "நானா, இப்படி உட்காருங்க" என்று அவரைத் தாங்கி அருகிலிருந்த கடைக்குள் அமர்த்தினார். கடைக்காரர் ஒரு மலையகத் தமிழர். கேளாமலே மூன்று கரண்டிச் சீனி போட்ட பிளேன்டீயை நீட்டி, "ஐயா, மெதுவா குடிங்க" என்றார். பேரீச்சம்பழமும் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் முகத்தில் தெளிவு வந்தது. வந்ததும் அவர் சொன்ன முதற்சொல், "வாங்க பாய், ஏறலாம்." அவரை ஏறவிடக் கூடாது என்று நான் மறுத்தேன். சர்க்கரை ஒருமுறை தாழ்ந்தால் மறுபடியும் தாழக்கூடும். மேலே இருப்பதோ நெரிசலும் செங்குத்தும். "என்னால் உங்கள் பயணம் கெட வேண்டாம், நீங்களாவது போங்கள்" என்று கண்கலங்கினார். மூவரை மேலே அனுப்பிவிட்டு நான் அவரோடு இருந்துவிட்டேன். உச்சி எங்கும் போய்விடாது, மனிதர் அப்படியல்லர்.

ஃபஜ்ரு நேரம் வந்தது. எங்கே தொழுவதென்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், பெஞ்சை ஒதுக்கிவிட்டுத் தம் பாயை உதறி விரித்தார். கிப்லாவும் மலையுச்சியும் அங்கே ஏறக்குறைய ஒரே பக்கம். தொழுது ஸலாம் கொடுத்தபோது கிழக்கே வானம் வெளுத்து, பள்ளத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் தகடாய் மின்னியது. கடைக்காரரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். எந்த ஊரென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே போனவர்கள் எட்டு மணிக்குத் திரும்பினர். சூரியன் உதித்ததும் மலையின் நிழல் மேற்கே மேகத்தின் மீது முக்கோணமாக விழுந்ததையும், வெயில் ஏற ஏற அது சுருங்கியதையும் வியந்து விவரித்தனர். காலணியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று, பிறரது வழிபாட்டுக்கு இடையூறின்றிப் பார்த்து வந்திருந்தனர்.

இறக்கத்தில்தான் முழங்கால் அழும். ஒவ்வொரு படியிலும் உடற்பாரம் முழுவதும் மூட்டில் இறங்குகிறது. ஆகவே ஊன்றுகோல் ஒன்று கொண்டு செல்லுங்கள்; குளிருக்குக் கம்பளிச் சட்டையும் வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர் மருத்துவரிடம் மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள். வயிற்றைக் காயப்போட வேண்டாம். மழைக்காலமாயின் அட்டைக்கு ஏதேனும் எடுத்துச் செல்லுங்கள். இப்னு பதூதாவின் காலத்தில் அதற்கு எலுமிச்சம்பழம் பிழிந்தார்களாம். நாங்கள் போனது வறண்ட மாசி மாதம். பையிலிருந்த எலுமிச்சை நான்கையும் ஜவுளிக்கடை நண்பர் அந்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தார்.