அம்மம்மாவின் இணையத் தொலைபேசி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 1990ஆம் ஆண்டுகளில் வாழ்ந்தோருக்குக் ‘கொமியூனிகேஷன்’ எனப்பட்ட கடைகளை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். வெளியே வாங்கில் நால்வர் காத்திருப்பர். உள்ளே கட்டணத்தைக் காட்டும் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். இலண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் மகன் நலம் விசாரிக்கையில், தாயின் கண்கள் அவ்வெண்களை விட்டு அகலா. அழுவதற்கும் கணக்குப் பார்த்த காலம் அது.

இன்று அதே தாய், வீட்டு விறாந்தையில் அமர்ந்து மகனின் முகத்தைப் பார்த்தபடி மணித்தியாலக் கணக்கில் பேசுகிறார். இவ்வசதியை வத்தளையில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்துக்கு அண்மையில் அமைத்துக் கொடுக்க நேர்ந்தது. பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில், அம்மம்மா இங்கே தனியாக. அவர் கேட்ட முதற் கேள்வியே நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது.

“வயர் இல்லாமல் எப்படித் தம்பி சத்தம் போகுது?”

உண்மையில், வயர் இல்லாமற் போவது சிறு தூரமே. கைத்தொலைபேசியிலிருந்து வீட்டிலுள்ள ரவுட்டருக்கும், அங்கிருந்து அருகிலுள்ள கோபுரத்துக்கும் குரல் வானலையாகச் செல்கிறது. அதன்பின் கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழைகளே அதைச் சுமக்கின்றன. பேசுவோரின் குரலைச் செயலியானது விநாடிக்குக் குறைந்தது 8000 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்களைப் பொதுவாக விநாடியின் ஐம்பதில் ஒரு பங்களவான சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு கடிதத்தை வரிவரியாக வெட்டி, ஒவ்வொன்றையும் வரிசை எண்ணிட்ட தனித்தனி உறையில் இட்டு அஞ்சல் செய்வது போன்றது இது. கடிதமாயின் பிந்திய உறைக்காகக் காத்திருக்கலாம், பேச்சு காத்திராது. பிந்திய பொதி கைவிடப்படும். ஒரு சொல் பாதியிற் கரையும். ஒரு திசைத் தாமதம் விநாடியின் ஆயிரத்தில் 150 பங்கைத் தாண்டினால், இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடத் தொடங்குவர்.

ஆகையால் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ரவுட்டரை யன்னலோரம் மாற்றினோம். பேச்சு நேரத்தில் வீட்டில் வேறெவரும் திரைப்படம் இறக்க வேண்டாமென்றோம். எதிரொலி குறைய ஒரு செவிக்கருவி வாங்கினோம். செயலியைப் பதிகையில் வந்த ஆறிலக்கக் குறியீட்டை, உறவினர் பெயரில் எவர் கேட்டாலும் சொல்லலாகாது என்று இரு தடவை எச்சரித்தோம். அதைக் கைப்பற்றுவோர் நமது பெயரிலேயே நம் சுற்றத்தாரிடம் பணம் கேட்பர்.

அம்மம்மா இவ்வித்தைக்கு முற்றிலும் புதியவரல்லர். 2003இல் தோன்றிய ஸ்கைப்பை அரும்பாடுபட்டுக் கற்றவர். அது 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. வாட்ஸ்அப்பில் மறுபடியும் அரிவரி!

இனித்தான் நாம் பேரனோடு முரண்பட்ட இடம் வருகிறது. “இனி அந்தப் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி எதற்கு? மாத வாடகை வீண். வெட்டிவிடுங்கள்” என்றார் அவர். கூடாது என்றோம். செப்புக் கம்பியில் இயங்கும் சாதாரணத் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வருகிறது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். ரவுட்டரோ விளக்கோடு சேர்ந்து அணையும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவர் மறப்பர்?

அன்றியும், வாட்ஸ்அப்பின் வழியாக 1990 அம்புலன்ஸ் சேவையையோ 119 பொலிஸையோ அழைக்க இயலாது. இதை அறியாதோர் பலர்.

இன்னொன்றும் சொன்னோம். 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. செய்தி கேட்ட கடல் கடந்த பிள்ளைகள் பதைபதைத்து வீட்டை அழைத்த அந்நாளிலேயே, வாட்ஸ்அப்பும் வைபரும் நாட்டில் தடைசெய்யப்பட்டன. 2018 மார்ச்சிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சாதாரணத் தொலைபேசிக்கு அத்தடை இருக்கவில்லை. இதைக் கேட்ட பேரன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அது இருக்கட்டும்” என்றார்.

ரவுட்டருக்கு ஒரு சிறிய பட்டரிப் பெட்டியும் வாங்கப்பட்டது. வாங்குவோர் ரவுட்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்தே வாங்குக. பெரும்பாலும் அது 12.

பழைய தொலைபேசி அதன் பின்னற் துணி விரித்த முக்காலியிலேயே இருக்கிறது. அருகில் ஓர் அட்டையில் 1990, 119, தீயணைப்புக்கு 110 எனப் பெரிதாக எழுதி வைத்தோம். அம்மம்மா அதில் இன்னுமொரு வரி கேட்டார். இங்கே காலை 7 மணியாயின் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30, நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை 8.30. அதையும் எழுதினோம்.