மேடா, பள்ளமா?

சரீரத்துக்குள் உலோகம் – 11

எக்ஸிடர் நகரத்து வைத்தியரும் எஞ்ஜினீயரும் 1970-இல் கண்ணாடிபோல் மெருகேற்றிப் பொருத்திய இடுப்புத் தண்டை, 1976-இல் மெருகு குறைத்துச் செய்து, அது தொடையெலும்புக்குள் தளரக் கண்டு, 1986-இல் பழைய மெருகுக்கே திரும்பிய கதையைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. இதற்கு மேல் நினைவூட்ட இடமில்லை. மெருகு என்பது பார்ப்பவர் கண்ணையும் தடவுபவர் விரலையும் பொறுத்த அபிப்பிராயமாக நின்றுவிடாமல், எவர் அளந்தாலும் ஒரே விடை தருகிற எண்ணாக எவ்வாறு ஆயிற்று என்பதை இந்த வாரம் விளக்குவதாகச் சொல்லியிருந்தேன்.

பட்டறைகளில் நெடுநாள் வரையில் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்ப்பதும் மாதிரித் தகட்டோடு ஒப்பிடுவதுமே பரீட்சையாக இருந்தன. கைதேர்ந்த தொழிலாளியின் நகம் மிக நுட்பமான கருவிதான். ஆயினும் அந்த நகம் அறிந்ததை வேறொருவருக்கு எழுதி அனுப்ப முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த கருவிகளுள் பிரசித்தி பெற்றது, 1941-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் டெய்லர் ஹாப்ஸன் கம்பெனியில் ரிச்சர்ட் ரீஸன் உருவாக்கிய டாலிஸர்ஃப். கூரிய வைர முள் ஒன்று உலோகத்தின்மீது மெல்ல ஊர்ந்து செல்ல, அதன் ஏற்ற இறக்கங்களை மின்சாரம் பன்மடங்கு பெருக்கிக் காகிதத்தில் கோடாக வரையும்; அந்தக் கோட்டின் ஊடே ஒரு நடுரேகை போட்டு, அதிலிருந்து மேலும் கீழும் விலகிய தூரங்களின் சராசரியைக் கண்டால், அதுவே இன்று உலகமெங்கும் ‘ஆர்.ஏ.’ என்று வழங்கும் சொரசொரப்பளவு. செயற்கை இடுப்பின் உலோகக் குண்டுக்கு இது 0.05 மைக்ரானைத் தாண்டலாகாது என்பது சர்வதேச விதி. தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பீங்கான் குண்டுக்கு இன்னும் கண்டிப்பு, 0.02.

இந்த லெஸ்டர் கம்பெனியைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறொன்றில் மனம் செல்லவில்லை. டெய்லர் சகோதரர்கள் 1886-இல் லென்ஸ் செய்வதற்காகத் தொடங்கிய ஸ்தாபனம் அது. ஹாலிவுட்டின் எத்தனையோ பழைய படங்கள் அவர்களுடைய லென்ஸ் வழியாகவே பிடிக்கப்பட்டன. அவ்விருவரில் ஒருவரான வில்லியம் டெய்லர்தான், 1905-இல், கால்ப் பந்தின் மேற்பரப்பில் சிறு குழிகள் வைக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் கோரியவர்! புதிய வழவழப்பான பந்தைவிட அடிபட்டு வடுவேறிய பழைய பந்து நெடுந்தூரம் பறப்பதை ஆட்டக்காரர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அதனால் பந்தின்மேல் நாவல்நிற முட்பழத்தைப் போலப் புடைப்புகள் வைத்துச் செய்யும் வழக்கமும் வந்திருந்தது. டெய்லர் அந்தப் புடைப்புகளைத் தலைகீழாக்கிக் குழிகளாக்கினார். குழிகள் கிளப்பும் சிறு சுழல்களால் காற்று பந்தின் முதுகை நெடுநேரம் ஒட்டிச் செல்ல, பின்னிழுக்கும் விசை குறைந்து பந்து மேலும் பறக்கிறது. டாலிஸர்ஃப் பிறப்பதற்கு முன்பே, 1937-இல், அவர் காலமானார். ஆயினும் சொரசொரப்பை அளக்கும் கலை அவருடைய பட்டறையிலேயே வேரூன்றியது எனக்குப் பேரானந்தம் தருகிறது.

கால்ப் பந்தை விஸ்தரித்ததற்கு அந்த ஆனந்தம் மட்டுமே காரணமன்று. ஒரே உயரமுள்ள புடைப்புகள் கொண்ட பந்தையும், அதே அளவு ஆழமுள்ள குழிகள் கொண்ட பந்தையும் வைர முள்ளின் கீழ் வைத்தால், இரண்டுக்கும் ஆர்.ஏ. ஒன்றாகவே வரும், ஏனெனில் சராசரி எடுக்கும்போது மேலே விலகியதா, கீழே விலகியதா என்ற பேதம் அழிந்துவிடுகிறது. இடுப்பு மூட்டிலோ அந்தப் பேதமே பிரதானம். உலோகக் குண்டில் ஒரு கீறல் விழும்போது, பள்ளத்திலிருந்து பிதுங்கிய உலோகம் ஏர் ஓடிய சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவதுபோல் கரைகட்டி நிற்கும். குண்டு பொருந்திச் சுழலும் பாலிதீன் கிண்ணத்தை ஒவ்வோர் அடி வைப்பிலும் அராவுவது அந்தக் கரைதான். லீட்ஸ் சர்வகலாசாலையில் டங்கன் டௌஸனும் அவருடைய சகாக்களும் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சராசரி எண்ணை அசைக்காத ஒற்றைக் கீறல்கூடத் தேய்மானத்தைப் பன்மடங்கு கூட்டிவிடும் என்று காட்டியது.

மேடா, பள்ளமா என்ற இந்தப் பேதத்தைக் காட்டவல்ல வரைகோடோ, டாலிஸர்ஃபுக்கும் முந்தியது. மிச்சிகன் சர்வகலாசாலையின் அப்பட், ஃபயர்ஸ்டோன் இருவரும் 1933-இல் அதை வகுத்தார்கள்: மேற்பரப்பை உச்சியிலிருந்து சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை பங்கு உலோகம் வெட்டுப்படுகிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. ஒற்றை மேடுகள் நிமிர்ந்த பரப்பில் நெடுநேரம் ஊசிமுனைகளே வெட்டுப்படும். பள்ளங்கள் மட்டும் உள்ள பரப்பில் முதற் சீவலிலேயே பெரும்பங்கு உலோகம் தெரியும்.

வைர முள் உலோகத்தைக் கடந்து மிருதுவான பாலிதீனைத் தொடும்போது அதுவே ஒரு கீறலை உண்டாக்கிவிடக்கூடும் என்பதால், தொடாமல் ஒளியைக் கொண்டே அளக்கும் முறை அடுத்த வாரம்.