தரையில் விரியும் ஆட்டங்கள் – 5: தாயம் விழட்டும்

சென்ற வாரம் பல்லாங்குழியைப் பார்த்தோம். இந்த வாரம் தாயம்.

பித்தளையில் விரல் நீளத்துக்கு இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, கலகலவென்று சத்தம் கேட்கத் தரையில் விட வேண்டும். வீசி எறிந்தால் கட்டை துள்ளி ஓடிவிடும். கை முதலில் பழக வேண்டியது இப்படி உருட்டி விடுவதற்குத்தான்.

ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. இரண்டும் வெறுமையென்றால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு இவற்றில் எது விழுந்தாலும் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு தாளில் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். கட்டைகள் இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயத்துக்கு 2 வழி. பன்னிரண்டுக்கு ஒரே வழி. மூன்றுக்கு மட்டும் 4 வழி. இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றுக்குச் சேர்த்து 10. இந்தப் பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயம் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டை எப்படி விழுகிறது என்பதுதான் அதிர்ஷ்டம்; விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பதற்கு மூளை வேண்டும். உங்களுக்கு ஆறு, தாயம், மூன்று என்று விழுந்திருக்கிறது. மூன்று கட்டம் தள்ளி எதிராளியின் காய் நிற்கிறது. மூன்றால் அதை வெட்டி, வெட்டிய உங்கள் காயை ஆறால் தூர நகர்த்திவிடலாம். மிச்சம் தாயம். புதுக் காயை இறக்குவதா, மலைக்கு ஒரு கட்டம் பின்னால் நிற்கும் காயை ஏற்றுவதா? பெருக்கல் குறி போட்ட கட்டம்தான் மலை. அங்கே இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. அந்தக் காய்க்குப் பின்னால் இரண்டு முதல் நான்கு கட்டத்துக்குள் எதிராளி நின்றால் யோசிக்காமல் ஏற்றிவிடுங்கள். 16-ல் 10 என்று பார்த்தோமே, அந்த எண்கள்தான் அடிக்கடி விழும். எதிராளி எட்டத்தில் இருந்தால் புதுக் காயை இறக்குங்கள்.

எதிராளியின் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் நுழையலாம் என்பது பல ஊர்களின் வழக்கம். அதனால் மலைக்கு மலை ஒளிந்து போகிறவரால் காயை நடுக்கட்டத்தில் சேர்த்துப் பழம் எடுக்கவே முடியாது. துணிந்து வெளியே நின்றாக வேண்டும். இந்த ஒரு விதியை வைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் சோழி போதும். ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்த புளியங்கொட்டையும் போதும். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கும் வீடுகளில் பரமபதத்தோடு இதையும் விரித்துப் பாருங்கள். வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, எத்தனை காய் என்பதை மட்டும் கட்டையைத் தொடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அது மாறும்.