சர்க்கரைப் பாகுக்குள் முறுக்கிக்கொள்ளும் ஒளி

ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், கையில் கட்டினாலே சர்க்கரை அளவைச் சொல்லிவிடும் கடிகாரம் என்ற விளம்பரம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். ஒளியை வைத்துச் சர்க்கரையை அளக்க முடியுமா? முடியும். கண்ணாடிக் குழாயில் நன்றாகவே முடியும். தோலுக்குள்தான் சிக்கல். அது ஏன் என்று சர்க்கரைப் பாகே காட்டிக்கொடுக்கும்.

முதலில், சர்க்கரை ஒளியை என்ன செய்கிறது? சாதாரண வெளிச்சம் எல்லாப் பக்கமும் அதிரும். சில வகைக் குளிர்கண்ணாடிகளில் இருக்கும் வடிகட்டித் தாள் வழியாக அனுப்பினால், ஒரே திசையில் அதிரும் ஒளி மட்டும் வெளியே வரும் (தளவிளைவுற்ற ஒளி). அது சர்க்கரைக் கரைசலுக்குள் போகப் போக, அதிரும் திசை மெல்லத் திரும்பிக்கொண்டே போகும் (ஒளி சுழற்றும் தன்மை). டர்பன்டைன், சர்க்கரைக் கரைசல் போன்றவற்றில் இதை 1815இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் பியோ.

ஏன் திரும்புகிறது? சர்க்கரை மூலக்கூறு நம் கையைப் போன்றது. அதன் கண்ணாடி பிம்பத்தை அதன்மேல் வைத்தால் பொருந்தாது (கைரல் மூலக்கூறு). இந்த ஒருபக்கத் தன்மைதான் ஒளியையும் ஒரு பக்கமாகத் திருப்புகிறது.

கரைசலில் மூலக்கூறுகள் தாறுமாறாக மிதக்கின்றனவே, ஒன்று திருப்பியதை இன்னொன்று அழித்துவிடாதா? அழிக்காது. வலதுகால் செருப்பை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது வலதுகால் செருப்புதான்.

சரி, இந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியுமா? தெரியும், அதற்குச் சிதறல் உதவ வேண்டும். நீளமான கண்ணாடிக் குழாயில் கெட்டியான பாகை நிரப்பி, ஒரே ஒரு துளி பால் கலக்குங்கள். இருட்டறையில் டார்ச்சின் முன் வடிகட்டித் தாளை வைத்து, குழாயின் ஒரு முனையிலிருந்து ஒளியை உள்ளே விடுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். குழாய் நெடுக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி, வண்ணப் பட்டைகளாகத் தெரியும். தாளை மெல்லத் திருப்பினால் பட்டைகள் குழாயில் நகரும். முதன்முறை பார்ப்பவருக்கு எளிதில் மறக்காத காட்சி இது.

பட்டைகள் எப்படி வந்தன? மிக நுண்ணிய துகள்கள் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும்போது, ஒளி எந்தத் திசையில் அதிர்கிறதோ அந்தத் திசைக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றும் போகாது. வெறும் தண்ணீரில் அதிர்வுத் திசை மாறாததால் பட்டையே இருக்காது. பாகிலோ அது முறுக்கேறிய கயிறு போலத் திரும்புகிறது. உங்களை நோக்கி அதிரும் இடம் இருட்டு. உங்களுக்குக் குறுக்கே அதிரும் இடம் வெளிச்சம். 100 மில்லிலிட்டருக்கு 85 கிராம் சர்க்கரை உள்ள பாகில், மஞ்சள் ஒளி சுமார் 16 செ.மீ.க்குள் 90 பாகை திரும்பிவிடும். நீலம் அதைவிட வேகமாகவும் சிவப்பு மெதுவாகவும் திரும்புவதால்தான் வண்ணங்கள் பிரிகின்றன.

இப்போது பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பட்டைகள் மங்கி, கடைசியில் குழாய் முழுக்க வெண்மைதான் இருக்கும். சர்க்கரை குறையவில்லை. ஒளி ஒருமுறை சிதறி வெளியே வந்தால் திருப்பத்தைக் காட்டும். பலமுறை மோதித் திரும்பினால் எந்தத் திசையில் அதிர்ந்தது என்பதையே இழந்துவிடும்.

உங்கள் தோல் பால் கூடிப்போன அந்தக் குழாய்தான். ஒரு மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே ஒளி பலமுறை சிதறுகிறது. தேட வேண்டிய திருப்பமும் மிகச் சிறியது. அந்தப் பாகு 1 செ.மீ.க்கு ஐந்தரைப் பாகைக்கு மேல் திருப்பும். 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ள ரத்தம் அதே தூரத்தில் திருப்புவது சுமார் 0.005 பாகை. போதாக்குறைக்கு, ரத்தத்தில் உள்ள புரதங்களும் ஒளியைத் திருப்பும்.

வேறு வழியில் ஒளியைப் பயன்படுத்தினால்? அந்த ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. ஆனால் தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சர்க்கரை அளவிகள் இவற்றில் சேராது; அவற்றின் மெல்லிய இழை தோலுக்குள் இறங்கி, வேதிவினை மூலம் அளக்கிறது.

ஆகவே அப்படியொரு கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தவறான எண்ணுக்குப் போடும் இன்சுலின் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி, மயக்கம் வரை கொண்டுபோய்விடலாம். வீட்டில் யாராவது அந்தக் கடிகாரத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால், விரலில் குத்திப் பார்க்கும் கருவியையும் அதற்கான சோதனைத் துண்டுகளையும் இன்றே எடுத்து அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.