அப்பாவின் மலையேறும் பூட்ஸ்

4,095 மீட்டர் உயரக் கினபாலு மலையில் ஏற அப்பா வாங்கிய தோல் பூட்ஸ், பத்து ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தது. பல்கலைக்கழக நண்பர்களுடன் அதே மலைக்குக் கிளம்ப முடிவானதும் திறந்தேன். தோல் முழுவதும் வெண்பூஞ்சை!

"தூக்கிப் போட்டுடுப்பா, புது சப்பாத்து வாங்கிக்கலாம்" என்றார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை.

முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையைத் தேய்த்தேன். கயிற்றைக் கழற்றி, ஈரத்துணியில் தோல் சோப்பைத் தொட்டுத் துடைத்தேன். உள்ளே பழைய நாளிதழைத் திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிட்டேன். கடும் வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம்; தோல் வெடித்துவிடும். பிறகு தோலுக்கான கிரீமை மெல்லிதாகத் தடவினேன். பழுப்பு நிறம் திரும்பி வந்தது.

மகிழ்ச்சியில் அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தேன். பிஸ்கட் போல் உதிர்ந்தது! அது பாலியூரித்தேன். அணியாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரப்பதமே அதை மெல்லச் சிதைத்துவிடும். பளபளப்பை நம்பிப் போயிருந்தால் மலைச்சரிவில் கழன்றிருக்கும்.

சப்பாத்து தைக்கும் கடையில் புதிய அடிப்பாகம் ஒட்டித் தைத்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்ததும் முதலில் போட்டுப் பார்த்தவர் அப்பாதான்.

உங்கள் வீட்டிலும் பழைய பூட்ஸ் இருக்கிறதா? மெருகேற்றும் முன் அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள்.