பிறேக் இல்லா வண்டியில் உலக வெற்றி

மோட்டார் சைக்கிளுக்கு இன்றியமையாதது எது என்று வினவினால், நம் வீட்டுப் பெரியோர் தயங்காது ‘பிறேக்’ என்பர். அந்தப் பிறேக்கே இல்லாத வண்டிகளைக் கொண்டு நடத்தப்பெறும் பந்தயம் ஒன்று உண்டு. ‘ஸ்பீட்வே’ என்பது அதன் பெயர். நீள்வட்டமான மண் தடத்தில் ஒரு முறைக்கு நால்வர் நான்கு சுற்றுச் சுற்றுவர். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் யாவும் முடிந்துவிடும். வண்டிக்கு ஒரே கியர், எரிபொருள் மெதனோல். ஒருவர் திடீரென வேகத்தைத் தணித்தால் பின்வருபவர் அவர்மீது மோத நேரிடுமன்றோ? ஆதலின் எவர்க்கும் பிறேக் இல்லை.

கந்தளாயின் கிறவல் வீதிகளில் சைக்கிள் மிதிக்கும் மாணவர், வளைவிலே பின்சக்கரம் வழுக்குவதை அறிவர். நாம் அஞ்சும் அவ்வழுக்கலையே இவ்வீரர் வேண்டி வரவழைக்கின்றனர். பின்சக்கரம் வெளிப்புறம் சறுக்க, முன்சக்கரத்தை வலப்புறம் திருப்பி, இரும்புத் தகடு பூட்டிய இடக்காலை நிலத்தில் உராயவிட்டு, இடப்புற வளைவைக் கடப்பர்.

இவ்வித்தையில் தேர்ந்தவர் ஜேர்மனியரான எகோன் முல்லர். நமது திருகோணமலையைப் போன்றே துறைமுக நகரான கீலில் 1948ஆம் ஆண்டு பிறந்தவர். இயந்திர நுட்பமும் கைவரப் பெற்றவர். பாட்டுப் பாடி இசைத்தட்டுகளும் வெளியிட்டார். பந்தய வீரருக்குப் பாட்டு எதற்கு என்பாரும் உளர், எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

நீண்ட தடப் பந்தயத்தில் அவர் மும்முறை உலக வீரரானார். ஆயினும் குறுந்தடமான ஸ்பீட்வேயின் பட்டம் கைக்கெட்டவில்லை. எந்த ஜேர்மனியரும் அதுவரை அதனைப் பெற்றதில்லை.

1983 செப்ரெம்பர் 4ஆம் நாள், வடகடலோரத்து நோர்டன் நகரில் இறுதிப் போட்டி நடைபெற்றது. 1995 முதல் பல போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி உலக வீரரைத் தெரிகின்றனர். அக்காலத்திலோ ஒரே நாளில் யாவும் தீர்ந்துவிடும். வீரர் பதினறுவர்; ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியானவருக்கு வெறுங்கை. ஒருமுறை சறுக்கி வீழ்ந்தாலும், இயந்திரம் ஒருமுறை நின்றாலும் ஓராண்டு உழைப்பு வீண்.

அப்போது முல்லருக்கு வயது 34. சொந்த நாட்டு மக்கள் திரண்டிருந்தனர். ஐந்து ஓட்டத்திலும் அவரே முதல்வர்; ஆகக்கூடிய புள்ளியான 15 அவருக்கே. இரண்டாமவரான அவுஸ்திரேலியர் பில்லி சாண்டர்ஸ் பெற்றது 12. ஓர் ஓட்டத்துக்கு மூவராக, எதிர்நின்ற பதினைவரும் ஆளுக்கொரு முறை முல்லரின் சக்கரப் புழுதியை உண்டனர்.